ரோட்டில் நின்ற நாற்று

அரசப்பனிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்று பனையேரிப்பாக்கத்தில் சொல்வார்கள். ஆள் செவிடு இல்லை, ஊமையும் இல்லை. கேள்வி அவர் காதுக்குள் போய், உள்ளே எங்கேயோ உட்கார்ந்து, இது உண்மையிலேயே பதில் சொல்ல வேண்டிய கேள்விதானா என்று தெளிந்த பிறகுதான் வாய் திறக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் "பொண்ணு புடிச்சிருக்கா" என்று கேட்டதற்கு அவர் யோசித்துக்கொண்டே இருந்ததில், பெண் வீட்டார் மனசு விட்டுப்போய் காபி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். "அந்தாளு இன்னும் எழுந்திரிக்கலியே, இருங்க" என்று உள்ளேயிருந்து சொன்னது அந்தப் பெண் வடிவுதான். கல்யாணம் நடந்தது அதனால்தான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு புரட்டாசி மாதத்தில், ஒரே பகலில், போராளி ஆனார்.

எல்லாம் நாற்றால் வந்தது. அவருடைய நாற்றங்காலில் மழைத் தண்ணீர் ஏறி நாற்று மொத்தமும் அழுகிவிட்டது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மச்சான் சீனுவாசன், தன் கழனிக்குப் போக மீந்ததைப் பறித்துக்கொள்ளச் சொன்னான். "இவ்ளோதான் மாமா இருக்குது. இதுக்கு மேல வேணும்னா நான் நட்டதத்தான் புடுங்கணும்" என்றும் சொல்லிவிட்டான். பறித்த நாற்றைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து முடிகளாகக் கட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் வந்து, ஊருக்குப் பிரிகிற இடத்தில் திரும்பினார். திரும்பிய கொஞ்ச தூரத்தில் வண்டிக்காரன் பிரேக் போட்டான்.

ஊர் ரோட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் என்று சொல்வது மரியாதைக்காக. மழைக்குப் பிறகு அதில் வாத்து மேய்ந்தது.

"இதுல எறங்குனா வண்டி நாளைக்குத்தான் ஏறும். நான் வரலண்ணே" என்று சொல்லி, முடிகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு வண்டிக்காரன் ஜல்தியாகத் திரும்பிப் போய்விட்டான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேர் காய்ந்தால் நாற்று போச்சு. அரசப்பன் பள்ளத்தைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே தண்ணீர், அடியில் வெண்ணெய் மாதிரி சேறு. அவர் கழனியில்கூட அந்த வருஷம் அப்படி ஒரு சேறு படியவில்லை. ஒவ்வொரு முடியாக எடுத்து, வேர் தண்ணீரில் இருக்கும்படி நிற்க வைத்தார். எதையும் கோணலாக வைக்க அவருக்கு வராது. கயிறு பிடித்த மாதிரி வரிசை வரிசையாக நிறுத்திவிட்டு, சித்தப்பா மகன் செல்வகுமாரின் டிராக்டரைக் கூட்டிவர ஊருக்குள் நடந்தார்.

அந்த நேரம் பார்த்து தீனதயாளன் வந்தான்.

'நொடி' டி.வி.க்கு அந்தப் பக்கத்துச் செய்தியெல்லாம் அனுப்புகிறவன் அவன்தான். மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்தைப் படம் பிடித்துவிட்டுக் குறுக்கு வழியாக விழுப்புரம் போய்க்கொண்டிருந்தான். பிடித்த படத்தை அனுப்பலாமா என்று கேட்டதற்கு, "போன அமாவாசைக் கூட்டமே நம்மகிட்ட இருக்குது, அதையே போட்டுக்கறோம்" என்று சென்னை ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மனசு கசந்து வந்தவன் கண்ணில், நடு ரோட்டில், வரிசை பிசகாமல், பச்சைப் பசேலென்று நாற்று பட்டது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பக்கத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அது யாருடைய நாற்று என்று கேட்டுக்கொண்டான். ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் பாதிச் செய்தி கரைந்துபோகும் என்பது அவன் தொழில் அனுபவம்.

டிராக்டரோடு அரசப்பன் திரும்பியபோது பள்ளத்தைச் சுற்றிப் பாதி ஊர் நின்றது. எல்லார் செல்போனிலும் சிவப்புப் பட்டையில் ஒரே வரி ஓடிக்கொண்டிருந்தது. 'குண்டும் குழியுமான சாலையில் நாற்று நட்டு விவசாயி நூதனப் போராட்டம்.' தீனதயாளன் மைக்கை அவர் தாடைக்குக் கீழே நீட்டினான்.

"ஐயா, இந்த ரோட்டுக்காக எத்தனை வருஷமா போராடிக்கினு இருக்கீங்க?"

அரசப்பன் யோசித்தார். போராடவில்லை என்பது ஒரு பதில். ஆனால் ரோடு மோசம் என்பதும் நிஜம். ரோடு கேட்டு ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதும் நிஜம். அது போராட்டத்தில் சேருமா? சேராது என்றால் ஏன் சேராது? அவர் உள்ளே இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே தீனதயாளன் கேமரா பக்கம் திரும்பிவிட்டான்.

"நேயர்களே, பேச வார்த்தை வராமல் தொண்டை அடைத்து நிற்கிறார் விவசாயி அரசப்பன்."

"இல்ல தம்பி" என்றார் அரசப்பன், பதில் கிடைத்துவிட்டதால். "நாத்து காஞ்சிடும்னு தண்ணியில வச்சேன்."

"காய்ந்துகொண்டிருப்பது நாற்று மட்டும்தானா? ஒளிப்பதிவாளர் கோபியுடன் தீனதயாளன்" என்று சொல்லி அவன் மைக்கைக் கீழே இறக்கினான்.

அரசப்பன் குனிந்து ஒரு முடியைத் தூக்கினார்.

"அண்ணே அண்ணே, தொடாதீங்க. சென்னையில இன்னொரு வாட்டி லைவ் கேட்டிருக்காங்க."

"எனக்கு நாளைக்கு நடவு தம்பி."

"அதான்ணே சொல்றேன். நாலு முடியப் பிரிச்சி இங்கியே நட்டுடுங்க. பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

டிராக்டரில் உட்கார்ந்திருந்த செல்வகுமார், "அண்ணே, டீசல் எரியுது" என்றான்.

அதற்குள் சவுரிராயன் புல்லட்டில் வந்து இறங்கினார். ஊராட்சித் தலைவர் அவர் மனைவி செந்தாமரை. தலைவர் செய்ய வேண்டியதையெல்லாம் சவுரிராயன் செய்வார். செய்யாமல் விட்டதற்கு மட்டும் செந்தாமரையைக் கேட்க வேண்டும்.

"இன்னா அரசப்பா, நேத்துகூட எங்க வூட்ல மோரு குடிச்ச. ரோட்டப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல."

அரசப்பன் யோசிக்கத் தொடங்கினார்.

"நீ சொல்றதுக்குள்ள பொழுது பூடும், நானே கேக்கறேன். இது போராட்டம் இல்ல, அதானே?"

"இல்ல."

"எனக்குத் தெரியும்பா. உனக்கு எதுக்கு அந்த பேஜாரெல்லாம்."

"அப்ப எடுத்துக்கறேன்."

"ஐயய்ய, கைய வச்சிடாத. இப்ப எடுத்தா, பிரசிடெண்டு புருஷன் மிரட்டி எடுக்க வச்சான்னு போடுவானுங்க. ரெண்டு நாளு இருக்கட்டும். மாடு வாய வைக்காம நானே ஆளு போட்டுப் பாத்துக்கறேன்."

பின்னாலேயே ஸ்கூட்டரில் வி.ஏ.ஓ. வந்தது. சின்னப் பெண். துப்பட்டாவால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, நாளைக்குத் தாசில்தார் சார் நேர்ல பாக்க வர்றாரு. அது வரைக்கும் எதையும் கலைக்காதீங்க. நியூஸ்ல வந்த மாதிரி இங்க இல்லன்னா என்னத்தான் கேப்பாங்க" என்றது.

"நாத்து என்னுதும்மா."

"நாத்து உங்களுதுதாங்கய்யா. நியூஸ் உங்களுது இல்லியே."

அரசப்பன் அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட அது போராட்டம் என்று நம்பவில்லை. டி.வி. நம்பிவிட்டதால், எல்லோரும் நம்புகிற மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருந்தது. செல்வகுமார் வெறும் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

வீட்டில் வடிவு டி.வி. முன்னால் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுல நட்டுட்டியாமே. எந்த மோட்டாருலேருந்து தண்ணி வுடப்போற?"

திரையை நாலு கட்டமாகப் பிரித்து நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசப்பனுக்குப் பின்னால் ஒரு சக்தி இருக்கிறது என்றார் ஒருவர். அப்படி எந்தச் சக்தியும் இல்லை, அவரே ஒரு சக்தி என்றார் இன்னொருவர். மூன்றாமவர், அவர் தோளில் கிடந்த துண்டின் கரையை உற்றுப் பார்க்கச் சொல்லி, அந்த நிறம் எந்தக் கட்சியுடையது என்று நாட்டுக்கே தெரியும் என்றார்.

"அது பொம்மையார்பாளையத்து அக்கா வூட்டுக் காதுகுத்துல குடுத்தது" என்று வடிவு டி.வி.யிடம் சொன்னாள்.

நாலாவது ஆள் பேசும்போது வேறு ஒரு படம் காட்டினார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர், வெடித்த நிலத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது?"

"தெரியல."

"உன்னவிட நல்லா அழுவுறான்."

அரசப்பன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்தில் அச்சிட்டவர் பெயர் வரைக்கும் படிக்கிறவர் அவர். படித்ததை நம்புகிறவர். போன வருஷம் எங்கேயோ ஒருத்தர் பெட்ரோல் விலையைக் கண்டித்து மாட்டு வண்டியில் கலெக்டர் ஆபீசுக்கு வந்தார் என்று படித்து, சரியான ஆள் என்று மெச்சியது ஞாபகம் வந்தது. அந்த ஆளிடம் வேறு வண்டி இல்லாமல் இருந்திருக்கலாம். ரோட்டில் பாலைக் கொட்டி எதிர்ப்புத் தெரிவித்த பால்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். கால் தடுக்கியிருக்கலாம். இது வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளையை வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திய கல்நெஞ்சத் தாய் என்று முன்பு ஒரு தடவை இதே டி.வி.யில் ஒருத்தியைக் காட்டியிருந்தார்கள். இதே இடத்தில் உட்கார்ந்து, இதே மாதிரி சோறு சாப்பிட்டுக்கொண்டு, அவளை அவர் வாயாரத் திட்டியிருக்கிறார். ஏன் சாத்தினாய் என்று அவளிடம் யாராவது கேட்டார்களா? கேட்ட மாதிரி அவருக்கு ஞாபகம் இல்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு தையல்நாயகி வந்தாள். ஊரில் நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி. அவள் சொன்ன நாளில்தான் அந்தச் சுற்று வட்டாரத்தில் நடவு.

"போராட்டம்லாம் எப்பிடி போவுது?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். "காலையில பொண்டுங்கள இட்டுகினு வர்றேன். நாத்து கழனியில கெடக்கணும். நாளைக்கு வுட்டா, அப்பறம் மேலத் தெரு, ஏரிக்கோடி எல்லாத்துக்கும் வாக்கு குடுத்தாச்சி. தீபாவளிக்கு அந்தாண்டதான் வர முடியும். சொல்லிட்டேன்."

தீபாவளிக்கு அந்தாண்ட என்றால் அந்த நாற்று மாட்டுக்குத்தான் ஆகும். மச்சானிடம் வேறு நாற்று இல்லை. இந்தப் போகத்துக்குக் கழனி தரிசு. அரசப்பன் தரிசு போட்டதில்லை.

தீனதயாளனுக்குப் போன் போட்டார். "தம்பி, அது போராட்டம் இல்ல, தப்பா வந்துடுச்சின்னு போட்டுடுங்க. நான் நாத்த எடுத்துக்கறேன்."

"அண்ணே, தப்புன்னு போட்டா என் பொழப்பு பூடும். அதுவுமில்லாம, நடக்காததெல்லாம் செய்தி கெடையாதுண்ணே. எதுனா நடந்தாத்தான் போட முடியும். நீங்க வாபஸ் வாங்கறேன்னு சொல்லுங்க, போடறேன். ஏன் வாங்கறீங்க? யாருனா மிரட்டுனாங்களா?"

அரசப்பன் யோசித்தார்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களாண்ணே?"

அவர் பதிலை ஒழுங்குபடுத்தி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. டி.வி.யில் புது வரி ஓடியது. 'மிரட்டப்பட்டாரா விவசாயி? பதில் சொல்ல மறுத்து மௌனம்.'

"இனிமே நீ வாயத் தொறக்காத" என்றாள் வடிவு. "மூடியும் வச்சிக்காத."

மறுநாள் காலையில் பள்ளத்துக்குப் போனால் அங்கே திருவிழா மாதிரி இருந்தது. 'நொடி' தவிர இன்னும் இரண்டு டி.வி. வந்திருந்தது. ஒரு கட்சியின் மகளிர் அணி வேனில் வந்து இறங்கி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அரசப்பனின் முடிகளை அவிழ்த்து ரோட்டுச் சேற்றில் நட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு கட்சி திண்டிவனம் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். மகளிர் அணி ஒரு கையில் எவ்வளவு வருமோ அவ்வளவையும் ஒரே குத்தாக வைத்து அழுத்தியது. அவிழ்கிற ஒவ்வொரு முடிக்கும் கழனியில் எவ்வளவு இடம் வெறுமையாகும் என்று அரசப்பனின் கண் அளந்துகொண்டே இருந்தது. இன்னொரு கட்சியும் வந்து நட்டால் மிச்சம் இருக்காது.

தையல்நாயகியும் அவள் ஆட்களும் சோற்றுத் தூக்கோடு வந்து நின்றார்கள்.

"யாருடி இவளுங்க, ஜரிகப் பொடவ கட்டிகினு நம்ம கூலியில கைய வைக்கிறாளுங்க?" தையல்நாயகி ரோட்டோரம் தூக்கை வைத்தாள். "ஏம்மா, வேர மடக்கி மடக்கி வைக்கறியே, துணியா மடிக்கற?"

"நாங்க உங்களுக்காகத்தாம்மா போராடறோம்" என்றது மகளிர் அணி.

"எங்களுக்காகன்னா எங்ககிட்ட குடு. நாங்க நட்டுக்கறோம்." பிறகு அரசப்பனிடம் திரும்பினாள். "அண்ணே, நாங்க நிக்கறதா, போறதா? மேலத் தெருவுல ஆளு கூப்டுகினே இருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லு."

அரசப்பனுக்குள் கேள்வி போய் உட்காரவே இல்லை. வாசலிலேயே நின்றது. எதுனா நடந்தாத்தான் போட முடியும் என்று அந்தப் பையன் சொன்னானே. அவர் நேராக தீனதயாளனிடம் போனார்.

"தம்பி, மைக்கு எடு."

மூன்று டி.வி.யும் ஓடி வந்தது.

"போராட்டத்தத் தீவிரப்படுத்தப்போறேன்."

"எப்படிண்ணே?" தீனதயாளன் முகம் மலர்ந்தது. "டவர் மேல ஏறப்போறீங்களா?"

"இங்க இருக்கற நாத்தையெல்லாம் எடுத்துகினு போயி, கழனியில நடப்போறேன்."

தீனதயாளன் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினான்.

"கழனியிலயா?"

"கழனியில."

தீனதயாளன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிட்டே வந்தான். "அண்ணே, கழனியில நாத்து நடறதுல போராட்டம் எங்கண்ணே இருக்குது?"

"ரோட்டுல வச்சதுல எங்க இருந்துச்சோ அங்கதான்."

தீனதயாளன் அவரைப் பார்த்தான். பக்கத்து டி.வி.க்காரன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்துவிட்டதைப் பார்த்தான். அதற்கு மேல் அவனும் யோசிக்கவில்லை. சென்னை ஆபீசுக்கு அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வரி ஓடியது. 'சாலையிலிருந்து வயலுக்கு. அடுத்த கட்டத்தை எட்டியது போராட்டம்.'

அதன் பிறகு நடந்ததெல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி நடந்தது. ரோட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்று சவுரிராயனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முடிகளைத் தூக்கி டிராக்டரில் போட்டார். போராட்டம் நகர்ந்துவிட்டது என்று டி.வி.யே சொல்லிவிட்டதால், பெருமூச்சோடு வி.ஏ.ஓ. தாசில்தாருக்கு இடம் மாற்றிச் சொன்னது. மகளிர் அணி நட்டதை தையல்நாயகியின் ஆட்கள் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, தேறியதைச் சேர்த்துக் கட்டினார்கள். பாதி தேறவில்லை. மகளிர் அணித் தலைவி, கழனியில் தங்களுக்கு முன்வரிசை கிடைக்குமா என்று கேட்டார். நடவில் முன்வரிசை கிடையாது என்று தெரிந்ததும் வேன் கிளம்பிவிட்டது.

கழனியில் பெண்கள் வரிசையாக இறங்கி, குனிந்து, நட்டு நட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். கேமரா கோபிக்கு அது சரிப்படவில்லை.

"அக்கா, யாரு மூஞ்சியும் தெரியல. முன்னாடி நடந்து வந்து நடுங்களேன்."

"முன்னாடி நடந்தா நட்டத மிதிச்சிகினு வரணும் தம்பி" என்றாள் தையல்நாயகி நிமிராமல். "உங்க ஆபீஸ்ல அப்பிடித்தான் நடுவாங்களா?"

மதியத்துக்கு மேல் தாசில்தார் வந்தார். பள்ளத்தில் இறங்காமல், மலைப் பக்கத்து ரோடாகச் சுற்றிக்கொண்டு நேராகக் கழனிக்கே வந்தார். நடவைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "உங்க கோரிக்கை இன்னாங்க?" என்று கேட்டார்.

அரசப்பன் யோசித்தார். கேட்க ஒன்றுதான் இருந்தது. "ரோடு" என்றார்.

"ரோட்டுப் பிரச்சினைதான் முடிஞ்சிடுச்சே. போராட்டம் ரோட்டவிட்டு வந்துடுச்சின்னு காலையிலேருந்து போட்டுகினு இருக்கானே" என்று தாசில்தார் சொன்னார். சொல்லிவிட்டு வரப்பில் வழுக்கிவிடாமல் வி.ஏ.ஓ.வின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

வடிவு மோர் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள். டி.வி.க்காரர்களுக்கும் ஊற்றினாள். வரப்பில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே தீனதயாளன் கேட்டான்.

"போராட்டத்த எப்பண்ணே முடிப்பீங்க?"

"தையில. அறுத்துட்டு."

அதையும் அவன் அனுப்பினான். 'தை வரை ஓயமாட்டேன். விவசாயி சூளுரை.' வடிவு செல்போனில் அதைப் பார்த்துவிட்டு, "கேட்டுக்கோ, தை வரைக்கும் ஓயக் கூடாதாம்" என்று கூஜாவை அவர் கையில் கொடுத்தாள். "மேட்டுத் தெருவுக்குப் போயி தண்ணி மொண்டுகினு வா."

பொழுது சாய்கிற நேரத்தில் நடவு முடிந்தது. கழனி முழுக்க இளம்பச்சையாக நின்றது, ஒரு மூலையைத் தவிர. கிழக்கு மூலையில் ரெண்டு பாய் விரிக்கிற அளவு சேறு அப்படியே வெறுமையாகக் கிடந்தது. மற்ற டி.வி.க்காரர்கள் போய்விட்டார்கள். தீனதயாளன் மட்டும் கால் கழுவிக்கொண்டு நின்றவன், அந்த மூலையைப் பார்த்தான். பார்த்ததும் அவன் கை தானாகப் பைக்குள் போய் மைக்கைத் தேடியது.

"அண்ணே, அந்த எடத்த மட்டும் ஏன் வுட்டுட்டீங்க? எதுனா குறியீடா?"

இந்தத் தடவை அரசப்பனுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"நாத்து பத்தல" என்றார்.

தீனதயாளன் மைக்கைப் பிடித்தபடியே நின்றான். அவரைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான். பிறகு இதை எப்படிப் போடுவது என்று ஆபீசைக் கேட்க, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி வரப்பில் நடந்தான்.